காற்றுப் புகாத கட்டுக்குள் வேண்டுமென்றே ஓர் ஓட்டை

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குச் சலரோகத்தால் காலில் புண். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குள் ஸ்பொஞ்ச் வைத்து, மேலே பிளாஸ்ரிக் தாள் ஒட்டி, ஒரு மெசினால் இழுக்கிறார்கள். மீன் தொட்டி மோட்டரைத் திருப்பிப் பூட்டினால் இதை வீட்டிலேயே செய்யலாமோ?"

வீட்டில் வேண்டாம். காரணம் பிறகு வருகிறது. ஆனால் நல்ல கேள்வி. மோட்டர் சாதாரணமானதுதான். கஷ்டமெல்லாம் அதிலிருந்து புண்ணுக்குப் போகும் ரியூப்பில் இருக்கிறது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வேக் ஃபொரஸ்ற் பல்கலைக்கழகத்தில் ஆர்ஜென்ரா, மோரிக்வாஸ் என்ற இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வுகளோடுதான், அமுக்கத்தைக் குறைத்துப் புண்ணை ஆற்றும் இந்த மறை அமுக்கச் சிகிச்சை பரவலானது. வளிமண்டல அமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம் (பாதரசம்). புண்ணுக்குள் அதைவிட 125 குறைவாக வைத்திருப்பார்கள். ஸ்பொஞ்சின் துளைகள் 400 முதல் 600 மைக்ரோமீற்றர் அகலம், எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. காற்றை எடுத்ததும் ஸ்பொஞ்ச் சுருங்கிப் புண்ணின் விளிம்புகளை உள்ளே இழுக்கும், நீர் வெளியேறும், வீக்கம் வடியும். புண்ணின் மேற்பரப்பு அந்தத் துளைகளுக்குள் குட்டிக் குட்டியாக இழுபடும்போது கலங்கள் நீட்டப்பட்டு, பிரிந்து பெருகத் தூண்டப்படுகின்றன.

"புண்ணை மூடாதை, காத்துப் படட்டும், காயட்டும்" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத்தோல் விரைவாகப் படர்வதை ஜோர்ஜ் வின்ரர் 1962இலேயே பன்றிகளில் காட்டிவிட்டார். அறுபது வருசத்துக்கு மேலாகியும் நாங்கள் புண்ணில் மஞ்சளைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருக்கிறோம். சரி, அது வேறு கதை.

ரியூப்புக்கு வருவோம். கிணற்றுக்கு மோட்டர் பூட்டியவர்களுக்கு இதில் பாதிப் பௌதிகம் ஏற்கெனவே தெரியும். மோட்டர் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் அமுக்கத்தைக் குறைக்கிறது, வெளியே உள்ள வளிமண்டலம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதனால்தான் தரையில் நிற்கும் எந்த மோட்டராலும் 10 மீற்றர் அளவுக்கு மேல் உறிஞ்ச முடியாது. இந்தச் சிகிச்சையில் நம் கையில் இருப்பது 125 மில்லிமீற்றர் மட்டுமே. இரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி கூடியது. ஆகவே 125 மில்லிமீற்றர் இரசம் என்பது 1.7 மீற்றர் உயரத் தண்ணீர்.

இப்போது மெசினைக் கட்டிலுக்குப் பக்கத்தில், புண்ணிலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்தில் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். ரியூப் முழுக்கப் புண்நீர் இடைவெளியில்லாமல் நிரம்பிவிட்டால், அந்த நீரைத் தாங்கவே 37 மில்லிமீற்றர் செலவாகிவிடும். திரையில் 125 என்று இருக்கும். புண்ணுக்குக் கிடைப்பது 88. மெசினை அதே அளவு கீழே, நிலத்தில் வைத்தால் நீரின் பாரமும் சேர்ந்து இழுக்கும், புண்ணுக்கு 162. மெசின் பொய் சொல்லவில்லை. தன் வாயில் இருக்கும் அமுக்கத்தைத்தான் அளக்கிறது, புண்ணில் இருப்பது அதற்குத் தெரியாது.

இதைத் தீர்க்கும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. புண்ணின் மேலுள்ள கட்டை எவ்வளவு கச்சிதமாக அடைக்கிறோமோ, அவ்வளவுக்கு நீர் ரியூப்பிலேயே நின்றுவிடும். உள்ளே காற்று வராவிட்டால் அதை நகர்த்த ஒன்றுமில்லை. ஆகவே சில கருவிகளில் புண்ணுக்குக் கிட்ட, வடிகட்டி போட்ட ஒரு நுண்ணிய துளையை வேண்டுமென்றே வைக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நுழைந்து, நீண்ட நீர்த்தம்பத்தைத் துண்டு துண்டாக உடைத்து, நீர் சேரும் போத்தலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். கிணற்று மோட்டர்க்காரர் தேடித்தேடி அடைக்கிற அதே காற்று லீக் இங்கே வேலைக்காரனாகிவிடுகிறது! வேறு சில கருவிகளில் ரியூப்புக்குள்ளேயே இரண்டாவது மெல்லிய வழி ஒன்று இருக்கும். அது காற்றை மட்டும் சுமந்து, புண்ணிலுள்ள அமுக்கத்தைச் சென்சருக்குக் கொண்டுபோகும்.

ஆனால் இந்த ஓட்டைக்கு ஒரு விலை உண்டு. மோட்டர் ஓய்வில்லாமல் ஓடவேண்டும். 2022இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இழுப்பு 2 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் கட்டையே கழற்றிவிட வேண்டும் என்பது வழமையான அறிவுறுத்தல், ஏனென்றால் நனைந்த ஸ்பொஞ்ச் மூடிய குட்டையாகிப் பக்டீரியாவுக்கு வசதியாகிவிடும். மின்சாரமே வேண்டாம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் டேனியல் சுரோவ்சிக் என்ற பொறியியலாளர் சுருக்கி விரியும் பிளாஸ்ரிக் துருத்தி ஒன்றைச் செய்தார்; 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹெய்ற்றியில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். கையால் அமுக்கிவிட்டால் துருத்தி மெல்ல விரிந்துகொண்டே இழுக்கும். உள்ளே காற்று புகப்புக அது நிறைந்துவிடும் என்பதால், அங்கே ஓட்டை கூடாது.

ஒரே சிகிச்சை, எதிரெதிரான இரண்டு தேவைகள். பகுதி பகுதியாகப் பிரித்து வடிவமைப்பதன் அருமை இங்கேதான் விளங்கும். கட்டு, ரியூப், போத்தல், இழுக்கும் தலை என்று நான்கு துண்டு. மின்சாரம் இருந்தால் மோட்டர் தலையும் துளையுள்ள இணைப்பும். இல்லாவிட்டால் துருத்தியும் துளையில்லாத இணைப்பும். போத்தலின் வாயில் நீரை விடாத வடிகட்டி இருந்தால் அழுக்கு ஒருபோதும் மோட்டரைத் தொடாது, அடுத்த நோயாளிக்கும் அதையே துடைத்துக் கொடுக்கலாம். போத்தல் நிறைந்தால் வடிகட்டி அடைபட்டு இழுப்பு தானாக நின்றுவிடும்.

அந்தக் கடைசி வசதி சின்ன விஷயமில்லை. குருதி கசிந்தாலும் மோட்டர் அதையும் புண்நீர் என்றே எண்ணி இழுத்துக்கொண்டிருக்கும். இப்படிக் குருதி போய் நோயாளிகள் இறந்ததால்தான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2009இலும் 2011இலும் எச்சரிக்கை விட்டது. குருதிக்குழாய் வெளியே தெரியும் புண், கறுத்துச் செத்த இழையம் உள்ள புண், புற்றுநோய்ப் புண் ஆகியவற்றில் இதைப் போடக்கூடாது. சலரோகக் காலென்றால் முதலில் காலுக்குக் குருதி ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். மீன் தொட்டி மோட்டரை இதனால்தான் வேண்டாம் என்றேன்.

என் கோபம் இன்னொன்றில். கருவி நன்கொடையாக வரும், படம் எடுப்பார்கள். அதற்கு மட்டுமே பொருந்தும் போத்தலும் ஸ்பொஞ்சும் தீர்ந்ததும் துணி போட்டு மூடிவைப்பார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மருத்துவர்களும் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் மாணவர்களும் ஒரே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். புது மோட்டர் செய்யப் பணம் கேட்க வேண்டாம். ஆஸ்பத்திரி விடுதிகளில் ஏற்கெனவே கிடக்கும் உறிஞ்சல் ரியூப்புகளின் விட்டத்தை அளந்து, அவற்றில் பூட்டக்கூடிய ஓர் இணைப்பை, துளையோடு ஒன்று, துளையில்லாமல் ஒன்று, வார்த்துப் பார்க்கட்டும். பரிசோதிக்க நோயாளி தேவையில்லை. ஒரு வாளி தண்ணீரும் அமுக்கமானியும் போதும், மெசினை மேசையில் ஒருமுறை, நிலத்தில் ஒருமுறை வைத்து.