பழைய டச்சு டுகாட் வாங்கும்போது காரட் மீட்டரை மட்டும் நம்பாதீங்க

கவசம் போட்ட வீரன், ஒரு கைல வாள், இன்னொரு கைல ஏழு அம்புக் கட்டு. டுகாட்ங்கற இந்த டச்சு (நெதர்லாந்து) காசை மதிப்பு போட கொண்டு வர்றவங்க எல்லாரும் கேக்குறது "சார் இது ஒரிஜினல் தங்கமா?"ன்னுதான். பெரும்பாலும் தங்கம்தாங்க, ஆனா பழசா, யாரு அடிச்சதுங்கறதுதான் சிக்கலே.

1586ல இருந்து நெதர்லாந்து மாகாணங்கள் ஹங்கேரி டுகாட்டை பாத்து அடிக்க ஆரம்பிச்சது இது. எடை கிட்டத்தட்ட மூன்றரை கிராம், சுத்தம் நம்ம கணக்குல இருபத்துமூன்றரை காரட். மதிப்பு எவ்ளோன்னு காசுல எழுதியே இருக்காது, ஏன்னா இது உள்ளூர் சில்லறைக்கு இல்ல, வட ஐரோப்பாவுல பால்டிக் கடல் பக்கம் தானியமும் மரமும் வாங்கறப்போ குடுக்க, அன்னன்னிக்கு தங்க ரேட் என்னவோ அதுதான் விலை. எடையும் சுத்தமும் தலைமுறை தலைமுறையா மாறாததால வாங்கறவன் கண்ண மூடிட்டு வாங்குனான்.

அந்த நம்பிக்கைக்காகத்தான் ரஷ்யா 1735ல இருந்து 1868 வரைக்கும் பீட்டர்ஸ்பர்க் நாணயச்சாலைல ரகசியமா இதே காசை அடிச்சுது, தங்கமும் கிட்டத்தட்ட அதே சுத்தம், அப்புறம் உங்க காரட் மீட்டர் என்னத்த கண்டுபிடிக்கும்? போதாததுக்கு நெதர்லாந்து நாணயச்சாலை இன்னிக்கும் அதே வீரனை போட்டு டுகாட் அடிக்குது. வருஷம் தேஞ்சு போச்சு, போட்டோல தெரியலன்னு சொல்லி அத 17ஆம் நூற்றாண்டு காசுன்னு உங்க தலைல கட்டிருவாங்க.

அதனால பின்பக்கத்த காட்டச் சொல்லுங்க. சதுரக் கட்டத்துக்குள்ள லத்தீன்ல 'ப்ரோவின் ஃபோடர் பெல்க்'னு வந்தா குடியரசு காலத்து வாசகம், 'ரெக் பெல்ஜீ'ன்னு இருந்தா மன்னராட்சி வந்த பிறகு அடிச்சது, அதுக்கு பழங்கால விலை கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. வீரன் தலைக்கு மேல விளிம்புல சின்னதா சொரசொரப்பா, நிறம் மாறி இருந்தா சங்கிலில டாலரா தொங்கவிட வளையம் பத்த வச்சு எடுத்திருக்காங்கன்னு அர்த்தம், விலை நல்லாவே இறங்கிரும், பேரம் பேச அது போதும்.

பளபளன்னு இருக்குங்கறதுக்காக போலின்னும் தள்ளிராதீங்க. 1725ல நார்வேல ரூண்டே தீவுகிட்ட மூழ்குன அகெரெண்டாம்ங்கற டச்சுக் கப்பல்ல இருந்து 1972ல எடுத்த டுகாட்டெல்லாம் புதுசா அடிச்ச மாதிரியே இருந்துச்சு, புழக்கத்துக்கே போகாத காசு அது.