பின்னணி: யாருக்குப் பின்னால்?

‘துணைவன்’ படத்தில் பாடியதற்காகக் கே.பி. சுந்தராம்பாளுக்கு 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தில் அவர் யாருக்கும் குரல் கொடுத்து மறைந்திருக்கவில்லை. திரையில் தோன்றிப் பாடியதும் அவரேதான். பிறகு ‘பின்னணி’ என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை?

பின் + அணி = பின்னணி. அணி என்றால் வரிசை, படைவகுப்பு. படையில் முன்னே செல்வது முன்னணி, பின்னே வருவது பின்னணி. பழைய இலக்கியம் முன்செல்லும் படையைத் தூசி என்றும் பின்வரும் படையைக் கூழை என்றும் சொல்லும். ஆக, அகராதிப்படி இது போர்க்களத்துச் சொல். அது பாட்டுக்கு வந்தது பேசும்படக் காலத்தில், ‘பிளேபேக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக.

ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லில் முன்வரிசை, பின்வரிசை என்ற பேச்சே இல்லை. பதிவு செய்த ஒலியை மீண்டும் ஒலிக்கவிடுவதுதான் பிளேபேக். பாட்டை முதலில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்துகொள்வார்கள். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட, நடிப்பவர் அதற்கு வாயசைப்பார். அந்தக் குரல் அவருடையதாகவும் இருக்கலாம், இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். சொல் குறிப்பது கருவியின் வேலையை. தமிழ்ச் சொல்லோ ஆளைக் குறிக்கிறது, அவர் நிற்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. என் பார்வையில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்ப் பேசும்படத்தின் முதல் சில ஆண்டுகளில் இந்தப் பிரிவினைக்கே இடமில்லை. 1931 அக்டோபர் 31-இல் வெளியான ‘காளிதாஸ்’ படத்தில் டி.பி. ராஜலட்சுமி நடித்தார், பாடவும் செய்தார். பாடத் தெரியாதவருக்குக் கதாநாயகி வேடம் கிடைப்பதே அரிது. காமிரா ஓடும்போதே பாட வேண்டும். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் காமிரா கண்ணில் படாமல் மரத்துக்கோ தட்டிக்கோ பின்னால் உட்கார்ந்து வாசிப்பார்கள். சொல்லப்போனால், அன்று உண்மையில் பின்னணியில் இருந்தவர்கள் அவர்கள்தான்!

சுந்தராம்பாள் அந்தக் காலத்து மனுஷி. 1908-இல் கொடுமுடியில் பிறந்து, சிறுவயதிலேயே நாடக மேடை ஏறியவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் எட்டவேண்டிய குரல் அது. இலங்கை மேடைகளில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து பாடினார், 1927-இல் அவரையே மணந்தார். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைச் சேலைக்கு மாறினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். அதன் பிறகு சினிமாக்காரர்கள் தேடி வந்தார்கள். 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு அவர் பெற்ற சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பது இன்றைக்கும் பேசப்படுவது. நந்தனார் வேடத்தில் ஆணாகவே நடித்ததால் ஜோடி என்ற கேள்வி எழவில்லை. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. ‘நந்தனார்’ படப்பிடிப்பு நடந்தது கல்கத்தாவில். அதே 1935-இல், அதே ஊரில், நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் நிதின் போஸ் இயக்கிய படத்துக்காகப் பாட்டை முன்கூட்டியே பதிந்து படமாக்கும் முறையைக் கையாண்டது. தமிழில் இரவல் குரல் புகுந்த முதல் படமாக வழக்கமாகச் சொல்லப்படுவது 1938-இன் ‘நந்தகுமார்’. தேவகியாக நடித்தவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். அதற்கப்புறம் முகம் ஒருவருக்கு, குரல் ஒருவருக்கு என்பது மெல்ல மெல்ல வழக்கமாயிற்று. பாடி நடித்தவர்கள் பலர் ஒதுங்க, சுந்தராம்பாள் தன் குரலோடேயே திரையில் நிலைத்தார். 1953-இல் ஔவையார், 1964-இல் ‘பூம்புகார்’ கவுந்தியடிகள், 1965-இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மறுபடியும் ஔவையார். எல்லாம் துறவும் முதுமையும் பூண்ட வேடங்கள். பாட்டு இல்லாமல் அந்த வேடங்களே இல்லை.

ஆக, விருதுப் பெயர் ஆங்கிலத்தில் பிழையில்லை. பாட்டு முன்பே பதியப்பட்டது, படப்பிடிப்பில் ஒலிக்கவிடப்பட்டது. தமிழில் எழுதும்போதுதான் முன்னே நிற்கும் அம்மையாரைப் பின்னே தள்ளிவிடுகிறோம்.

சரியான தமிழ் எது? தெருக்கூத்தில் ஆடுபவர் பாடும் அடியை வாங்கிப் பின்னால் நின்று பாடுவதற்குப் ‘பின்பாட்டு’ என்ற பெயர் முன்பே இருக்கிறது. அருமையான சொல். ஆனால் ஒருவர் சொல்வதற்கெல்லாம் ஒத்து ஊதுவதைப் ‘பின்பாட்டுப் பாடுவது’ என்று பேச்சில் இழிவாகச் சொல்லப் பழகிவிட்டோம். பி. சுசீலாவைப் போன்ற ஒருவருக்கு அதைச் சூட்ட எனக்கு மனம் வராது. ‘இரவல் குரல்’ என்பதிலும் ஒரு குறைவு தொனிக்கிறது. இன்னொருவருக்காகப் பாடுபவரைப் பின்னணிப் பாடகர் என்பது நிலைத்துவிட்ட வழக்கு, இருக்கட்டும். தொழில்நுட்பத்தைக் குறிக்கும் இடத்தில் ‘மீளொலிப்பு’ என்று எழுதலாம். பின்னணி இசை, குடும்பப் பின்னணி என்று ஏற்கெனவே பல சுமைகளைத் தூக்கும் சொல்லுக்கு ஒரு சுமையாவது குறையும்.

சுந்தராம்பாளைப் போன்றவர்களுக்கு ‘பாடி நடித்தவர்’ போதும். புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. ‘பக்த நந்தனார்’ பற்றிய குறிப்பில் அவர் பெயருக்கு முன்னால் ‘பின்னணிப் பாடகி’ என்று இருந்தால், அதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: பாடி நடித்தவர், கே.பி. சுந்தராம்பாள்.