பிக்கிள்பால்: ஊறுகாய்ப் பந்தா, துளைப்பந்தா?

கோவையில் பிக்கிள்பால் களங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. இருட்டினதும் விளக்கைப் போட்டு ஆடுகிறார்கள். 'டொக் டொக்' சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. வேடிக்கை பார்த்து நின்ற பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஏனுங்க, ஊறுகாய்க்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

ஆங்கிலத்தில் 'பிக்கிள்' என்றால் ஊறுகாய்தான். ஆனால் ஆட்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1965 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்த ஆட்டம் இது. ஜோயல் பிரிட்சர்ட் வீட்டில் இறகுப்பந்துக் களம் இருந்தது, ஆடுவதற்கு வேண்டிய சாமான்தான் இல்லை. அவரும் நண்பர் பில் பெல்லும் டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துத் தொடங்கினார்கள். இன்றைக்கும் களத்தின் அளவு 44க்கு 20 அடி. இறகுப்பந்து இரட்டையர் களத்தின் அதே அளவு.

பெயர் வைத்தவர் பிரிட்சர்டின் மனைவி ஜோன். படகுப் போட்டியில், எந்த அணியிலும் சேராமல் மிஞ்சிய துடுப்புக்காரர்களை ஏற்றிவிடும் படகுக்கு 'பிக்கிள் போட்' என்று பெயர். பல ஆட்டங்களின் மிச்சத்தில் உருவானதால் இதற்கும் அந்தப் பெயர். வீட்டு நாயின் பெயரால் வந்தது என்றும் ஒரு கதை உலவுகிறது. நாய் பிறந்ததே 1968இல்தான். ஆட்டத்தின் பெயரைத்தான் நாய்க்கு வைத்தார்கள்.

ஆகவே 'ஊறுகாய்ப் பந்து' என்பது பிழை. ஊறுகாய் அருமையான வினைத்தொகை. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் அதில் அடங்கும். ஆனால் இங்கே படகை ஜாடிக்குள் போட்டதுபோல் ஆகிவிடும்.

தமிழில் நாம் ஆட்டத்துக்குப் பெயர் வைக்கும் வழி வேறு. இறகுப்பந்து, மேசைப்பந்து, கூடைப்பந்து, கால்பந்து எல்லாமே கண்ணுக்குத் தெரியும் பொருளையோ உறுப்பையோ வைத்து வந்தவை. இந்தப் பந்தில் முதலில் கண்ணில் படுவது அதன் துளைகள். அதனால் 'துளைப்பந்து' என்பதே என் பரிந்துரை. ஆட்டத்தைச் சொல்லும்போது துளைப்பந்தாட்டம்.

பந்தை அடிக்கும் மட்டையை 'பேடில்' என்கிறார்கள். அதற்குத் துடுப்பு. இலங்கைத் தமிழர் கிரிக்கெட்டைத் துடுப்பாட்டம் என்றே சொல்கிறார்கள். படகு வலிப்பதும் துடுப்பு, கொங்கு வீடுகளில் களி கிண்டுவதும் துடுப்பு. வலைக்கு இருபுறமும் 7 அடிப் பகுதியைக் 'கிச்சன்' என்கிறார்கள். அதற்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அதை அடுக்களை என்றே சொல்லிவிடலாம்.

பெரியவரிடம் இவ்வளவையும் சொன்னேன். "துளைப்பந்துங்களா, சரிதானுங்க" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.