‘தங்கமான பையன்’ கோபப்பட ஆரம்பித்தால் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்

நான் பேச்சு வழியாக மனநல சிகிச்சை தருகிறவள். இந்த மாதமும் ஒரு வீட்டார் பிள்ளையின் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். வழக்கமான காரணம்தான்: “உங்ககிட்ட வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் மேடம் எதிர்த்துப் பேசுறான்.”

ஆள் அடையாளம் தெரியாதபடி சிலரைக் கலந்து சொல்கிறேன். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி சூப்பர்வைசர், மூத்த பிள்ளை. தங்கை கல்யாணக் கடன், தம்பி படிப்பு, மாமா எடுத்த வண்டியின் தவணை எல்லாம் இவர் தலையில். முடியாது என்று யாரிடமும் சொன்னதில்லை. வயிற்று வலிக்கு எண்டோஸ்கோபி வரை பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். கடைசியில் மனநல மருத்துவர், அங்கிருந்து என்னிடம்.

என்னிடமும் தங்கமான பையன்தான். எதைச் சொன்னாலும் “பரவாயில்ல மேடம்”. சைக்கோடைனமிக் சைக்கோதெரபியில், அதாவது பழைய உறவுகளின் தாக்கத்தைப் பேசிப் புரிந்துகொள்ளும் சிகிச்சையில், நாங்கள் முக்கியமாகக் கவனிப்பது இதைத்தான். வீட்டில் பழகிய விதம் சிகிச்சை அறைக்குள்ளும் வந்துவிடும். டிரான்ஸ்ஃபரன்ஸ் என்போம்.

முன்கூட்டியே சொல்லிவிட்டு நான் இரண்டு வாரம் லீவு எடுத்தேன். திரும்பி வந்ததும், “வலி ஜாஸ்தியா இருக்கிற நேரம் பார்த்து நீங்க இல்ல. எரிச்சலா இருந்துச்சு” என்றார். சொன்ன கையோடு வியர்த்துக் கொட்டி மன்னிப்பும் கேட்டார். நான் கோபிப்பேன், இனி வராதே என்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். இரண்டும் நடக்கவில்லை. யாரிடம் கோபப்பட்டபோது அப்படி நடந்தது என்று அன்று முழுக்கப் பேசினோம். எங்கள் கணக்கில் மாற்றம் என்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஒரு முறை போதாது, பல முறை நடக்க வேண்டும்.

ஆனால் வீட்டார் கேட்பது வேறு: “சின்ன வயசுல என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. சினிமாவில் ஹிப்னாடிஸம் செய்வார்கள், ஒரு ஃபிளாஷ்பேக் ஓடும், ஆள் கதறி அழுவார், அடுத்த காட்சியில் குணம். இங்கே கண்டுபிடிக்க எதுவுமே இல்லை. அப்பா வீட்டை விட்டுப் போனதையும், “நீயும் கோபப்பட்டா நான் எங்கடா போவேன்” என்று அம்மா அழுததையும் முதல் நாளே அவராகவே சொல்லிவிட்டார், கண்கூடக் கலங்காமல். தெரிந்தே இருந்தும் வலி போகவில்லையே! இந்தச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட ஃப்ராய்டும் ஆரம்பத்தில் ஹிப்னாடிஸம், மறந்த நினைவு என்றுதான் போனார். பிறகு அதைக் கைவிட்டார். நோயாளிக்குக் காரணத்தை எடுத்துச் சொன்னால் மட்டும் போதாது, அதே சிக்கலைத் திரும்பத் திரும்பச் சந்தித்துத்தான் கடக்க வேண்டும் என்று 1914இலேயே எழுதிவிட்டார். சிகிச்சையாளர்மீது அந்த நேரத்தில் எழும் உணர்ச்சியைத் தொட்டு, சிறிது சிறிதாகச் சொல்லும் விளக்கமே ஆளை மாற்றுகிறது என்றார் ஃப்ராய்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த உளப்பகுப்பாய்வாளர் ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி, 1934இல். ஃபிளாஷ்பேக்கை மறந்துவிடுங்கள், தயவுசெய்து.

வீட்டில் பார்க்க வேண்டியது, சொன்ன பேச்சைக் கேட்கிறாரா என்பதை அல்ல. உடனே தலையாட்டாமல் “யோசிச்சு சொல்றேன்” என்கிறாரா? மாமாவோடு சண்டை போட்டுவிட்டு மறுநாள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா? வலி வருவதற்கு முன் யாருக்கு, எதற்குச் சரி என்றோம் என்பது அவருக்கே பிடிபடுகிறதா? கோபமே பட்டுப் பழகாதவருக்கு அதன் அளவு தெரியாது. கொஞ்ச நாள் கூடக்குறைய இருக்கும்.

எல்லாக் கோபமும் முன்னேற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். நாள் கணக்கில் தூக்கமே இல்லாத பரபரப்பு, கை ஓங்குதல், சாவைப் பற்றிய பேச்சு என்றால் அடுத்த செஷன் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

“உள்ள என்ன பேசினீங்க?” என்று வண்டியிலேயே விசாரிக்காதீர்கள். நம்மூர் வேலூரில், பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மருத்துவமனையில் வீட்டார் ஒருவர் நோயாளியோடு தங்குவது பல பத்தாண்டுப் பழக்கம், நல்ல பழக்கம். அதைப் பார்த்தோ என்னவோ, இந்த அறைக்குள்ளும் உட்காரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உட்கார முடியாது.

மாதக்கணக்கில் எதுவும் நகரவில்லை என்றால் சிகிச்சையாளரிடமே கேளுங்கள். எல்லாப் பழியையும் நோயாளியின் தலையில் போடுகிறவர்கள் எங்களிலும் உண்டு. தொடுவது, மிரட்டுவது எல்லாம் சிகிச்சையே இல்லை, அன்றே வெளியேறுங்கள்.

நிறுத்தியே ஆக வேண்டுமா, சரி. அம்மா போன் செய்து முடித்துவைக்க வேண்டாம். அவரே ஒரு முறை வந்து “நிறுத்திக்கிறேன் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.