பெட்டியைக் கடைசியாக வாங்குங்கள்

வாழப்பாடிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் தேனீப் பெட்டியின் மேல்மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஒரு பல்லி குதித்து ஓடியது. தேனீ ஒன்றுகூட இல்லை. மரச் சட்டங்களில் இருந்த தேனடைகளை மெழுகுப்பூச்சியின் புழுக்கள் சல்லடையாகத் துளைத்திருந்தன. அடைக்கும் அடைக்கும் நடுவே ஒட்டடைபோல வெள்ளை நூல், அதில் மிளகுத்தூள் தூவியதுபோலப் புழுவின் எச்சம். எறும்பு ஏறாமலிருக்கத் தாங்கியின் அடியில் வைத்த எறும்புக் கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதில் சருகு கிடந்தது.

"விற்றவன் ஏமாற்றிவிட்டான் சார். ராணி இல்லாத கூட்டத்தைத் தலையில் கட்டிவிட்டான்" என்றார் தோப்புக்காரர்.

ஒரு சட்டத்தை எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டினேன். நடுவில் இருந்த அறைகள் கருத்திருந்தன. புழு வளர்ந்து வெளியேறிய அறைதான் அப்படிக் கருக்கும். ராணி இருந்திருக்கிறது, முட்டையிட்டிருக்கிறது, ஒன்றிரண்டு தலைமுறை பிறந்தும் இருக்கிறது. பிறகு கூட்டம் பட்டினி தாங்காமல் கிளம்பிவிட்டது. தோப்பு முழுக்க மா. மரத்தடியில் களைக்கொல்லி அடித்து முற்றம்போல வைத்திருந்தார். மாம்பூ கொட்டிய பிறகு அங்கே தேனீ எதைத் தின்னும்?

தேனீ வளர்ப்புப் பயிற்சி கொடுக்கும் வேலையில் என்னிடம் வருகிறவர்களின் முதல் கேள்வி "பெட்டி என்ன விலை?" என்பதுதான். நான் ஒரு நோட்டு வாங்கச் சொல்கிறேன். சிலர் அதோடு வருவதில்லை. வருகிறவர்களுக்குச் சொல்வது இது: ஓராண்டுக்கு, உங்கள் நிலத்தைச் சுற்றி எந்த மாதம் எது பூக்கிறது என்று எழுதுங்கள். உங்கள் நிலத்தில் மட்டும் அல்ல. பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டுத் தேனீயான அடுக்குத்தேனீ இரை தேடி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போய்வரும். பெட்டியை நடுவில் வைத்து ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 775 ஏக்கருக்குமேல் வருகிறது. உங்கள் இரண்டு ஏக்கர் அதில் ஒரு மூலை.

மலைக்குக் கீழே, சமவெளியில் அந்த நோட்டு பெரும்பாலும் இப்படித்தான் நிரம்பும். மார்கழி, தையில் மா. பிறகு முருங்கை, வேம்பு, புங்கன், அடுத்துப் புளி. மழைக்குப் பின் வரப்பில் தும்பை. கிணறு உள்ளவர்கள் எள்ளோ சூரியகாந்தியோ போட்டிருந்தால் அது கூடுதல். இவற்றுக்கு இடையே விழும் வெற்று மாதங்களைத்தான் கவனிக்க வேண்டும். தென்னை இருக்கிற இடத்தில் அந்தக் கவலை பாதி குறையும். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பாளை விரிந்துகொண்டே இருக்கும், மகரந்தத்துக்குப் பஞ்சமில்லை.

ஏற்காட்டில் கதை வேறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து சேர்வராயன் மலையின் பெரிய விருந்து காப்பிப்பூதான். பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்தால் ஒன்பது பத்து நாளில் சரிவு முழுக்க வெள்ளை. காலை ஏழு மணிக்குத் தோட்டத்துக்குள் போனால் மல்லிகை வாசத்துக்குள் ஒரே இரைச்சல். மூன்றாம் நாள் பூ வாடிவிடும். அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியது என்றாலும், தேனீ வந்துபோனால் காய்ப்பிடிப்பு கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் எஸ்டேட்காரர்களுக்குப் பெட்டி வைக்க ஆசை. ஆனால் விருந்து மூன்று நாள். மிச்ச நாளுக்குச் சோறு? நாவலும் காட்டு மரங்களும் நிழல் கொடுத்த பழைய தோட்டங்களில் அந்தக் கேள்வி எழாது. சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நிற்கும் தோட்டத்தில் எழும். அதன் பூவிலும் தேன் உண்டு, வெட்டச் சொல்லவில்லை. ஆனால் ஒரே மரம் என்றால் ஒரே பருவம்தான்.

ஆடிக் காற்றும் மூடுபனியும் சேர்ந்த மாதங்களில் மலையில் தேனீ வெளியே போவதே குறைந்துவிடும். சர்க்கரைப் பாகு கொடுத்துத்தான் ஆகவேண்டும். இதில் நான் பட்டது ஒன்று உண்டு. ஆரம்பக் காலத்தில் ஒரு தோட்டத்தில் ஆறு பெட்டிகள் வைத்திருந்தேன். மழை விட்ட ஒரு நண்பகலில் அவசரமாகப் பாகு ஊற்றினேன். ஒரு பெட்டியின் அடிப்பலகையில் கொஞ்சம் சிந்தியது. துடைக்கவில்லை. அரைமணி நேரத்தில் பக்கத்துப் பெட்டிகளின் தேனீக்கள் அதன் வாயிலில் மொய்த்தன. காவல் தேனீ ஒன்றின் இறக்கையை ஒன்று, காலை ஒன்று கடித்து இழுத்தன; இரண்டும் மூன்றுமாகக் கட்டிப் புரண்டு தரையில் விழுந்தன. அந்தப் பெட்டி ஆறிலும் நோஞ்சான். சாயங்காலம் அதன் முன்னால் இறந்த தேனீக்களைத் துடைப்பத்தால்தான் கூட்ட வேண்டியிருந்தது. உள்ளே இருந்த தேனும் போய்விட்டது. அன்றிலிருந்து பாகு என்றால் பொழுது சாய்ந்த பிறகுதான். பெட்டிக்கு உள்ளே கொட்டாங்கச்சியில் ஊற்றி, தேனீ மூழ்காமல் நிற்க நான்கு குச்சிகள் போட்டு வைக்கிறேன். நோஞ்சான் கூட்டத்தின் வாயிலை ஒரு தேனீ நுழையும் அளவுக்குச் சுருக்கிவிடுகிறேன்.

அடுத்தது மருந்து. மாவில் தத்துப்பூச்சி வந்துவிட்டது என்று பூ விரிந்திருக்கும்போதே காலையில் தெளிக்கிறார்கள். இமிடாகுளோபிரிட் போன்றவை செடிக்குள் ஊடுருவி மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் போகக்கூடியவை. பூங்கொத்து விரியும் முன்பே பார்த்துத் தெளிப்பதுதான் நல்லது. விரிந்த பிறகு தவிர்க்கவே முடியாது என்றால், தேனீ அடங்கிய அந்திப்பொழுதில் தெளியுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் சொல்லி வையுங்கள். சண்டையாகப் போகாமல், முடிந்தால் ஒரு பாட்டில் தேனோடு போங்கள். அவர் தெளிக்கும் முன் உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார்.

தண்ணீரும் அப்படித்தான். அகன்ற மண்தட்டில் கூழாங்கல் போட்டு நிழலில் வையுங்கள், ஒருநாளும் காயவிடாதீர்கள். காய்ந்தால் தேனீ பக்கத்து வீட்டுத் துவைக்கிற கல்லுக்குப் போய்ப் பழகிவிடும். பிறகு பஞ்சாயத்துதான்.

எந்தத் தேனீ என்பதில் குழப்பம் வேண்டாம். ஏற்காட்டுப் பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் தொங்கும் மலைத்தேனீ பெட்டிக்குள் அடங்காது. புதரில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீயும் அப்படியே. இத்தாலியத் தேனீ தேன் அதிகம் தரும், ஆனால் பூவைத் தேடி லாரியில் ஊர் ஊராகப் பெட்டியைக் கொண்டுபோகக்கூடியவருக்கே அது கட்டுப்படியாகும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அடுக்குத்தேனீ. ஆண்டுக்குப் பெட்டிக்கு மூன்று முதல் ஐந்து கிலோ என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குமேல் சொல்லி விற்பவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள். கூட்டத்தைப் பக்கத்து ஊரிலேயே வாங்குங்கள். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய் பரவி ஏராளமான பெட்டிகள் காலியாயின. தூரத்திலிருந்து வரும் கூட்டத்தோடு என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வாங்கும்போது சட்டத்தை எடுத்துப் பாருங்கள்: புழு வெள்ளையாக, அறைக்குள் சுருண்டு கிடந்தால் நலம். விறைத்து நீண்டு, நீர் கோத்த பைபோல இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

சுவர் இடுக்கில் மெழுகுக் குழாய் நீட்டிக் குடியிருக்கும் கொசுத்தேனீயைச் சிமெண்ட் பூசி அடைக்க வேண்டாம். கொட்டவும் தெரியாது, பாவம்.

அந்த வாழப்பாடிக்காரர் அதன்பின் பெட்டி வாங்கவில்லை. களைக்கொல்லியை நிறுத்தினார். வேலியோரம் முருங்கையும் கொடி ரோஜாவும் வைத்தார். பழைய பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, சட்டங்களில் கொஞ்சம் மெழுகைத் தேய்த்து மரநிழலில் வைத்திருந்தார். இரண்டாவது தை மாதம் ஒருநாள் காலையில் கூப்பிட்டார். குரல் நடுங்கியது.

"சார், ஒரு கூட்டம் தானாக வந்து பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. ராணி ஓடிவிடாமல் வாயில் தகடு போட்டுவிடட்டுமா?"

"பிடித்து வந்த கூட்டத்துக்குத்தான் தகடு. இது இடம் பார்த்து வந்தது, அப்படியே விடுங்கள். பத்து நாளைக்குத் திறக்கவும் வேண்டாம். எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா?"

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.