எடுக்க எடுக்க மாறும் நினைவு

நாளை பரீட்சை. பாடத்தை மூன்றாவது தடவையாகப் புரட்டும் பிள்ளைக்கு ஒவ்வொரு வரியும் தெரிந்த வரியாகவே படும். மஞ்சள் கோடு போட்ட இடம், பக்கத்தின் மூலையில் இருக்கும் படம், எல்லாம் பழக்கம். புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னால் பாதி வராது. "படிச்சது மறந்துபோச்சு" என்று வீட்டில் திட்டு விழும். உண்மையில் மறப்பதற்கு அங்கே அதிகம் பதியவே இல்லை. பார்த்ததை அடையாளம் கண்டுகொள்வது மூளைக்கு ஒரு வேலை. பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு வேலை. மூன்று தடவையும் அந்தப் பிள்ளை முதல் வேலைக்குத்தான் பயிற்சி எடுத்திருக்கிறது, பரீட்சையில் கேட்பதோ இரண்டாவது வேலை.

இதை எண்களில் காட்டியவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும். 2006இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் ஒரு பகுதியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: பகுதியில் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழ்: படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. முதல் நாள் இரவில் படித்துவிட்டுப் போகும் பழக்கம் ஏன் ஒழியவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சில நிமிடங்களுக்கு அது நன்றாகவே வேலை செய்வதால் நம்பிக்கை வந்துவிடுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நான்கைந்து பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் பத்து நிமிடம் ஞாபகம் வந்ததை எல்லாம் எழுதவேண்டும். வராத இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்கக்கூடாது. அந்தத் திணறல்தான் பயிற்சி. பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்கவேண்டும். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை இதையே செய்தால் போதும். பெரும்பாலும் கெடுவது சிவப்பு மை கட்டத்தில்தான். தப்பாக எழுதியதைத் திருத்தாமல் விட்டால், எடுத்துச் சொன்ன அந்தத் தப்பும் சேர்ந்து உறுதிப்பட்டுவிடும். ஆசிரியர் வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து கேள்வி கேட்கலாம், அதில் இரண்டு போன வாரப் பாடத்திலிருந்து. மதிப்பெண் மட்டும் வேண்டாம். மதிப்பெண் ஏறியதும் பிள்ளைகள் விடையைத் தேடுவதை விட்டுப் பக்கத்துத் தாளைத் தேடுவார்கள்.

மாணவனுக்குச் சரிபார்க்கப் புத்தகம் இருக்கிறது. கோர்ட்டில் நிற்கும் சாட்சிக்கு அது இல்லை. ஒவ்வொரு முறை நினைவை எடுக்கும்போதும், கிடைக்கும் துண்டுகளை வைத்து மூளை அந்தக் காட்சியைத் திரும்பக் கட்டுகிறது. அந்த நேரத்தில் காதில் விழும் சொல்லும் அதில் ஒரு செங்கல்லாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

1974இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, வேகம் எவ்வளவு என்று கேட்டார்கள். கேள்வியில் மாறியது ஒரே சொல். கார்கள் "நொறுங்க மோதியபோது" என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த சராசரி, மணிக்கு 40.8 மைல். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்டால் 31.8. அடுத்த சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. "மோதிய" என்று சாதாரணமாகக் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், "நொறுங்க மோதிய" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. பொய்யைக் குறுக்கு விசாரணை பிடிக்கும். மனசார நம்பிச் சொல்லும் தவறை அது எளிதில் பிடிக்காது.

இதனால் விசாரணையின் முதல் கேள்வி திறந்த கேள்வியாக இருக்கவேண்டும்: "முதலிலிருந்து என்ன நடந்தது, சொல்லுங்க." நடுவில் குறுக்கிடக்கூடாது. "அவன் சிவப்புச் சட்டைதானே போட்டிருந்தான்?" என்று கேட்ட நொடியில் சட்டைக்கு நிறம் ஏறிவிடும், அதைத் திரும்பக் கழுவ வழி இல்லை.

சந்தேக நபரை வேறு சிலரோடு வரிசையில் நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கும் இதே ஆபத்து உண்டு. நம் நாட்டில் அதை நீதித்துறை நடுவர் நடத்துகிறார். கைதானவரின் முகத்தைத் துணியால் மூடிக் கூட்டிப்போவது சாட்சி முன்கூட்டியே பார்த்துவிடக்கூடாது என்பதற்காக. ஸ்டேஷனிலோ செல்போனிலோ அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு சாட்சி அடையாளம் காட்டுவது சம்பவ இடத்து முகத்தையா, செல்போன் முகத்தையா என்று அவராலேயே பிரிக்க முடியாது. கூட நிற்பவர்கள் வயதிலும் உருவத்திலும் ஒத்திருக்கவேண்டும். "அவர் இதில் இல்லாமலும் இருக்கலாம்" என்று சாட்சியிடம் முதலிலேயே சொல்லவேண்டும். சந்தேக நபர் யார் என்று நடத்துபவருக்கே தெரியாமல் இருப்பது உத்தமம், ஏனென்றால் ஒரு சின்னத் தலையசைப்பு போதும். காட்டிய பிறகு "சரியாச் சொன்னீங்க" என்று ஒரு வார்த்தை வந்தால், அரைகுறையாக இருந்த நிச்சயம் முழு நிச்சயமாகிவிடும். ஆகவே எவ்வளவு உறுதி என்பதை அந்தக் கணத்திலேயே, சாட்சியின் சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்ளவேண்டும். நினைவைப் பொறுத்தவரை, வருடக்கணக்கில் கழித்துக் கூண்டில் நிற்பவரைக் காட்டுவதைவிட அந்த முதல் வரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

பயத்துக்கும் நினைவுதான் அடித்தளம், ஆனால் அங்கே வழி வேறு. பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை, பயந்த நினைவை அழிப்பதில்லை. அதன் பக்கத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்ற புது நினைவைப் போட்டுப் பலப்படுத்துகிறது. நாய் பயம் என்றால் முதலில் ஒரு ஏணி எழுதுவார்கள். நாய்ப் படம் பார்ப்பது 20, கேட்டுக்கு அப்பால் கட்டிப்போட்ட நாய் 45, அதன் முதுகைத் தொடுவது 85 என்று பூஜ்யம் முதல் 100 வரை பயத்துக்குப் பயப்படுபவரே எண் கொடுப்பார். தாங்கக்கூடிய ஒரு நடுப்படியில் தொடங்குவார்கள். ஒவ்வொரு படிக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று பயப்படுகிறார் என்பதை எழுதவேண்டும்: "என் மேல் பாயும்." முடிந்ததும் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் எழுதவேண்டும். தெருநாய் வேண்டாம், ஊசி போட்ட வீட்டு நாயே சரி.

பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்தால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதிக்கொள்ளும். அடுத்த தடவை பயம் கூடும். துணைக்கு வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றால் பெருமை முழுவதும் அந்தக் கைக்குப் போய்விடும். ஒரே வீட்டில் ஒரே நாயோடு பழகினால் புது நினைவு அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த தெருவில் உதவிக்கு வராது. ஆகவே நாயையும் இடத்தையும் நேரத்தையும் மாற்றிமாற்றிப் பழகவேண்டும். சில மாதம் கழித்துப் பயம் எட்டிப் பார்த்தால் சிகிச்சை தோற்றதாக அர்த்தம் இல்லை. பழைய நினைவு அங்கேயேதான் இருந்தது, இரண்டு படி கீழே இறங்கித் திரும்ப ஏறினால் போதும். விபத்து, வன்முறை போன்ற கொடுமைகளின் நினைவை மட்டும் யாரும் தனியாக இப்படிக் கிளறக்கூடாது. அதற்குப் பயிற்சி பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் கேட்கலாம்.

ரத்தத்தையும் ஊசியையும் கண்டு மயங்கி விழுபவர்களுக்கு ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இதில் ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்குவதால்தான் மயக்கம் வருகிறது. இவர்களிடம் "உடம்பைத் தளர்த்துங்க" என்று சொல்வது அவர்களைக் கீழே தள்ளுவதற்குச் சமம். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஊஸ்ட் வகுத்த முறை இதற்கு நேர்மாறானது. கை, கால், மார்புத் தசைகளை முறுக்கி, முகத்தில் சூடு ஏறும் வரை 10 முதல் 15 விநாடி பிடிக்கவேண்டும். பிறகு 20, 30 விநாடி சாதாரண நிலைக்கு விடவேண்டும், முழுக்கத் தளர்த்தக்கூடாது. இப்படி ஐந்து முறை. ஊசி போடும் கையை மட்டும் முறுக்காமல் தளர்வாக விடவேண்டும், இல்லாவிட்டால் வலிக்கும். நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் படுக்க வைத்தே போடுவார்.