பின்னால் சாய்ந்து விழுகிறவரின் கண்களையும் கவனியுங்கள்

அறுபதைத் தாண்டிய ஒருவர் கால் தடுக்காமல், மயக்கமும் வராமல், நின்ற நிலையிலேயே வெட்டிய மரம்போல் பின்பக்கமாகச் சாய்ந்தால், “வயசாச்சுங்க, காலு நிக்கறதில்லீங்க” என்பதே ஈரோடு, கோபிப் பக்கங்களிலிருந்து வரும் குடும்பத்தார் பலரும் என்னிடம் சொல்லும் விளக்கம். சற்று விசாரித்தால் வேறு சிலவும் தெரியவரும்: சென்னிமலைப் படிகளில் ஏறியவரால் இறங்க முடியவில்லை, வட்டலில் இருக்கும் சோறு சட்டையில் சிந்துகிறது, கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியும் பயனில்லை.

இவையெல்லாம் ஒருவரிடமே சேர்ந்து காணப்பட்டால், பி.எஸ்.பி. எனப்படும் ‘புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி’யாக இருக்கலாமோ என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஸெவ்ஸ்கி ஆகிய மூவர் 1964-இல் விரிவாகப் பதிவுசெய்த இந்நோயில், டௌ என்னும் புரதம் மூளைத்தண்டு உள்ளிட்ட பகுதிகளில் படிந்து நரம்பணுக்கள் அழிகின்றன. லட்சத்தில் ஐந்தாறு பேருக்கே வருவதாலும், உடல் இறுகி நடை தளர்வதாலும், முதலில் பார்கின்சன் (நடுக்குவாதம்) என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் பார்கின்சனில் தொடக்கத்திலேயே அடிக்கடி விழுவது அரிது. அதில் நன்கு கேட்கும் லெவோடோபா மாத்திரை இதில் பெரிதாகவோ நெடுநாளோ கைகொடுப்பதில்லை.

நோயாளியின் கண்ணுக்கு நேராக விரலை நீட்டி மெல்லக் கீழே இறக்கினால், பார்வை அதைத் தொடராமல் நடுவிலேயே நின்றுவிடும். படி இறங்க முடியாததும், சோறு சிந்துவதும், கண்ணாடி மாற்றியும் பயனில்லாததும் இப்படிக் கீழே பார்க்க முடியாததால்தான். அதே விரலை அசைக்காமல் பிடித்து, அதையே பார்த்திருக்கச் சொல்லி, அவருடைய தலையை நான் மேல்நோக்கிச் சாய்க்கும்போது விழிகள் தாமாகக் கீழிறங்கும். கண் தசைகளில் பழுதில்லை, அவற்றை ஏவுகின்ற மூளைப் பகுதியில்தான் பழுது என்பது அப்போது புலப்படும். ஆரம்ப காலத்தில் எம்.ஆர்.ஐ. படம் இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், படத்தைவிட இந்தச் சோதனையையும் வீட்டார் சொல்லும் விவரத்தையுமே நான் அதிகம் நம்புகிறேன்.

ஆகவே முதல் முறை எப்போது விழுந்தார், எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பதைக் குறித்து வாருங்கள். அவர் நாற்காலியில் தொப்பென்று உட்காருவதையும், சட்டென்று எழ முயன்று திரும்பச் சரிவதையும் கைபேசியில் படமெடுத்து வருவது இன்னும் நல்லது. பேச்சுக் குறைந்து, பேரப்பிள்ளைகளிடம்கூட ஒட்டாமல் இருப்பதை (இதை மனவருத்தம் என்று விட்டுவிடுகிறோம்) மறக்காமல் சொல்லுங்கள்.

நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை; விழாமல் காப்பதற்கும் புரையேறாமல் தடுப்பதற்கும் வழிகள் உண்டு. தண்ணீர் குடிக்கும்போது இருமல் வரத் தொடங்கினால், அடுத்த முறை காட்ட வேண்டிய தேதிவரை காத்திராமல், விழுங்கும் திறனை உடனே சோதித்துவிட வேண்டும்.